ஆடிக்கு முன்னால் பழக வேண்டிய குட்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சட்டி சுமந்தேன், கலவை குழைத்தேன், கரண்டி பிடித்தேன், பிறகு ஆள் வைத்து வேலை வாங்கினேன். ஆனையூரில் ஒரு தெரு முழுக்க நான் கட்டிய வீடுகள்தான். காளவாசல் பக்கம் ஒரு கடைக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது குழியில் தண்ணீர் ஊற்றெடுத்தது. இங்கே கட்டடம் நிற்காது என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இன்றைக்குப் போய்ப் பாருங்கள், மாடி மேல் மாடியாக நிற்கிறது. செல்லூரில் லாரி நுழையாத சந்துக்குள் கம்பியையும் கல்லையும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் ஒரு தறிக்கூடம் எழுப்பினேன். விசைத்தறி ஓடுகிற அதிர்வில் இதுவரை சுவரில் ஒரு மயிரிழைக் கீறல் விழவில்லை. நாங்கள் குடியிருக்கிற வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்துக் கட்டினேன். நான் கொத்தனார், என் மனைவி சித்தாள். கூலிக்காரன் மகன் மச்சு வீடு கட்டுவானா என்று கேட்டவர்கள் பிறகு புதுமனை புகுவிழாவில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரே மகளைப் பட்டம் வாங்க வைத்தேன்.

இந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாமல் இருக்கப் பழக்கினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். தறிக்கூடத்தைவிட இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது பங்குனி வெயிலில். அப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. தளம் போட அடுக்கி வைத்திருந்த சென்ட்ரிங் பலகைகளுக்கு அடியில் ஒரு தெரு நாய் குட்டி போட்டிருந்தது. வேலைச் சத்தம் பொறுக்காமல் தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. மறந்ததா, வேண்டாம் என்று விட்டதா, அதற்குத்தான் தெரியும். நான் வீட்டில் மறந்துவிட்டுப் போன பிரஷர் மாத்திரையைக் கொடுக்க வந்த என் மகள், பலகை இடுக்கில் அது கத்துவதைக் கேட்டுக் குனிந்தாள். போகும்போது துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது, பெட்டைக் குட்டி.

என் மகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தை மாதம்தான் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். என்ன நடந்தது என்று நான் துருவிக் கேட்கவில்லை. வந்து சேர்ந்தாளே, அது போதும் எனக்கு. ஆனால் அவள் பேச்சு நின்றுபோயிருந்தது. காலையில் வேலைக்குப் போவாள், சாயந்திரம் வருவாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்". தோசை வைக்கட்டுமா என்றால் "ம்". குட்டி வந்த மறுநாள் நான் குளித்துவிட்டு வருகிறேன், அடுக்களையில் அவள் குரல் கணீரென்று கேட்கிறது.

"ஏய் மூதேவி, அது அப்பா செருப்புடி! அதக் கடிச்சா உன்னைய உத்தரத்துல கட்டித் தொங்க விட்ருவாரு!"

ஈரத் தலையோடு நான் மாடிப்படிப் பக்கமே நின்றுவிட்டேன். அந்தக் குட்டி இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறது என்று அப்போதே எனக்குள் முடிவாகிவிட்டது.

என் மனைவிக்கு அப்படி முடிவாகவில்லை. அவள் சாமி கும்பிடுகிறவள். நாளும் கிழமையும் தவறாதவள். குட்டி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் காரியமாகச் சாமி அறை வாசலில் உட்கார்ந்து ஒண்ணுக்குப் போனது.

"நாயி வெளிய கெடந்தா நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றாள். "சாமி ரூமு வாசல்ல போயிருக்கு பாருங்க. இத வச்சுக்கிட்டு நான் எப்புடி வெளக்கேத்துறது?"

"வெளிய விட்டா தெரு நாயிக கொதறிப் போட்ரும். குட்டிதான, பழகிரும்."

"எப்பப் பழகும்? ஆடி பொறக்குறதுக்குள்ள பழகுனா சரி. இல்லைன்னா எந்தம்பி தோப்புக்கு அனுப்பிருவேன். அங்கிட்டு மோட்டார் ரூமுல சங்கிலி போட்டுக் கட்டிக்கிருவான். ஆடி வெள்ளிக்குச் சனம் வந்து நிக்கும்போது என்னால மூக்கப் பொத்திக்கிட்டு நிக்க முடியாது. சொல்லிப்புட்டேன்."

அவள் தம்பிக்குச் சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே நாய் என்றால் சங்கிலி நீளம்தான் அதற்கு உலகம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற என் மகள் குட்டியைக் கீழே விட்டுவிட்டு உள்ளே போனாள். கதவு டபாரென்று மூடியது.

நான் வேலையை எடுத்துக்கொண்டேன். மகள் செல்போனில் ஒரு வெள்ளைக்காரி நாய் பழக்குகிற படம் காட்டினாள். அந்த அம்மாள் பேசியது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. கை செய்தது புரிந்தது. தூங்கி எழுந்ததும் வெளியே, தின்றதும் வெளியே, விளையாடி முடித்ததும் வெளியே. அங்கே ஒண்ணுக்குப் போனவுடன் தின்ன ஏதாவது கொடுக்கிறாள், குதூகலம் காட்டுகிறாள். அவ்வளவுதான் சங்கதி. கான்கிரீட் போட்டால் வேளை தவறாமல் தண்ணீர் கட்ட வேண்டும். இன்றைக்குச் சோம்பல், நாளைக்குச் சேர்த்து ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் தளம் வெடித்துவிடும். குட்டியும் அப்படித்தான் என்று பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டேன். எனக்கு எதையும் இரண்டு தடவை காட்ட வேண்டியதில்லை.

கொல்லைப் பக்கம் துவைக்கிற கல்லைத் தாண்டி ஒரு வேப்பமரம், அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்தரை. அதுதான் இடம் என்று வைத்தேன். சட்டைப் பையில் எப்போதும் ரஸ்க்குத் துண்டு. குட்டி கண்ணைத் திறந்தால் தூக்கு, மரத்தடிக்கு ஓடு. மூக்கைத் தரையில் வைத்து வட்டம் போட்டால் தூக்கு, ஓடு. முழங்கால் தேய்ந்த என் வயதுக்கு இது சின்ன வேலை இல்லை. வேலை நடக்கிற இடத்துக்கே அதை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். வேளை பிசகக்கூடாதல்லவா?

மரத்தடியில் அது முதல் தடவை ஒழுங்காக உட்கார்ந்து போனபோது நான் கை தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மேஸ்திரி, யாருக்குக் கை தட்டுறீங்க?"

"குட்டி ஒண்ணுக்குப் போயிருச்சுண்ணே."

"அடேயப்பா! எம்மகனுக்கு கவர்மெண்டு வேலை கெடைச்சுச்சுன்னு முட்டாயி கொண்டாந்து குடுத்தேன். 'அப்புடியா'ன்னு வாங்கி வாயில போட்டுக்கிட்டுப் போயிட்டீங்க. அன்னைக்குத் தட்டலையே இந்தக் கைய!"

"உங்க மகன நான் பழக்கலையேண்ணே."

அவர் துணிக்குப் பின்னால் நின்று வெகுநேரம் சிரித்தார்.

மரத்தடிக்குக் கூட்டிப்போனால் போகிறது. ரஸ்க்குக்கு வாலையும் ஆட்டுகிறது. ஆனால் வீட்டுக்குள் போவதும் நிற்கவில்லை. அதிலும் ஓர் அதிசயம். கண்ட கண்ட இடத்தில் போகவில்லை. சாமி அறை வாசல், பீரோவுக்கு முன்னால், மாடிப்படிக்குக் கீழே, என் மனைவியின் கட்டில் கால். மாறி மாறி இந்த இடங்கள்தான். கண் அசந்தால் நேராக அங்கே போய்ப் பத்திரமாக உட்கார்ந்துவிடும்.

கட்டட வேலைக்காரன் புத்தி கட்டடத்தில்தான் குற்றம் தேடும். அந்த இடங்களில் தரைக்கு அடியில் ஓதம் ஏறுகிறதோ, அந்த ஈர வாடைக்கு வருகிறதோ என்று நினைத்தேன். டைல்ஸைக் காசால் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் பொள்ளல் சத்தம் இல்லை. தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்தேன். நான் போட்ட தரை, குற்றம் இருக்குமா? இல்லை.

இதற்கு நடுவே என் மனைவி தன் வேலையைத் தவறாமல் பார்த்துவந்தாள். குட்டி போன இடத்தை முதலில் கழுவித் துடைப்பாள். பிறகு பித்தளைச் செம்பில் மஞ்சளும் கோமியமும் கலந்து மாவிலையால் தெளிப்பாள். மாட்டு மூத்திரம்தான் கோமியம். எங்கள் வீடுகளில் பிறப்பு, இறப்பு, எந்தத் தீட்டானாலும் கழிப்பதற்கு அதைவிட உயர்ந்தது கிடையாது. சாமி அறை வாசலில் மட்டும் இன்னும் இரண்டு கை கூடுதலாகவே தெளிப்பாள். குறை சொல்ல முடியுமா? எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

ஆனி மாதம் முடியப் போனது. என் மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சங்கிலி வாங்கி வச்சிட்டேன்க்கா, மொத வெள்ளிக்கு வரும்போது தூக்கிட்டு வாரேன்" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது.

அன்றிலிருந்து என் மகள் குட்டியைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். அது காலைச் சுற்றி வந்தால் ஒதுங்கிப் போனாள்.

"என்ன தாயி, அது உன்னையவே பாத்துக்கிட்டு நிக்கிது, நீ பாட்டுக்குப் போற?" என்று கேட்டேன்.

"போறதுக்குத்தானப்பா போகுது. கடைசி வரைக்கும் கொஞ்சிட்டு அனுப்புறத விட இப்பவே விட்ருவோம்."

"யாரு அனுப்புறா? நான் அனுப்ப மாட்டேன்."

"அம்மா சொல்றது நியாயந்தானப்பா. ஒரு வீட்டுல இருக்கணும்னா அந்த வீட்டுக்கு ஒத்துப் போகணும். ஒத்துப் போகலைன்னா கெளம்பணும்."

அவள் நாயைப் பற்றித்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய் நின்றேன். ஊற்றெடுத்த குழியிலேயே தூண் நிறுத்தியவன் நான், இந்தக் கையகல மிருகத்திடம் தோற்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் காலை வீட்டில் கோமியம் தீர்ந்துவிட்டது. "மாட்டுக்காரர்ட்ட போயி ஒரு பாட்டில் வாங்கியாங்க" என்று மனைவி தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தாள். அடுத்த தெருவில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் அவர். குட்டியையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, மூடி கொஞ்சம் லூசா இருக்கு. சாய்ச்சிராதீங்க. எதுக்குண்ணே இம்புட்டுக் கோமியம்? வீட்டுல யாகம் கீகம் நடத்துறீங்களா?"

"நாயி வளக்குறோம்யா" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் சாய்க்கவில்லை. வழியில் இருந்த வேகத்தடை சாய்த்துவிட்டது. வீடு வந்து பார்த்தால் கால் வைக்கிற இடத்தில் விரித்திருந்த ரப்பர் விரிப்பெல்லாம் கோமியம். குட்டியை இறக்கிவிட்டேன். இறங்கிய குட்டி நகரவில்லை. முன்கால்களைத் தூக்கி வைத்து அந்த விரிப்பை முகர்ந்தது. தாவி ஏறியது. ஒரு வட்டம் போட்டது. உட்கார்ந்தது. போனது.

எத்தனையோ தடவை அதே ஸ்கூட்டரில் வந்த குட்டி. ஒரு நாள்கூட அங்கே ஒரு சொட்டு விட்டதில்லை.

நான் பாட்டிலைப் பார்த்தேன், குட்டியைப் பார்த்தேன். மண்டைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. மூத்திர வாடை எங்கே வருகிறதோ அதுதான் இதற்குக் கக்கூஸ். பீரோவுக்கு முன்னால் ஒரு தடவை தெரியாமல் போயிருக்கும். நாம் என்ன செய்தோம்? பயபக்தியோடு மாட்டு மூத்திரத்தைத் தெளித்து, 'அம்மா தாயே, இதுதான் இடம்' என்று அடையாளம் போட்டுக் கொடுத்தோம். எந்த இடத்தில் தீட்டு அதிகம் என்று நினைத்தோமோ அந்த இடத்தில் அதிகமாகத் தெளித்தோம். அந்த இடத்துக்கே அதுவும் அதிகமாக வந்தது.

ஒரு தடவை சரியாக வந்ததை வைத்து நான் எதையும் நம்புகிறவன் இல்லை. மட்டப்பலகையைத் திருப்பி வைத்தும் பார்ப்பேன். பாட்டிலில் மிச்சமிருந்ததில் கொஞ்சம், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், அது ஒருநாளும் போகாத மதில் மூலையில் ஊற்றினேன். மத்தியானம் தூங்கி எழுந்த குட்டியைக் கொல்லையில் விட்டேன். மூக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு நேராக மூலைக்குப் போய் உட்கார்ந்தது. மாடியில் நின்ற கண்டக்டர் அண்ணன், "இன்னைக்குக் கை தட்டலையா மேஸ்திரி?" என்றார். எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை. வீட்டுக்குள் ஓடினேன்.

என் மனைவி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். உருவிய கை நின்றது.

"அப்ப நான் சுத்தம் பண்ணதாலதேன் நாயி அசிங்கம் பண்ணுச்சுங்கிறீங்க."

"நீ செம்பெடுத்து அழைப்பு வச்ச. அது மரியாதைக்கு வந்துட்டுப் போச்சு."

"நக்கலு வேண்டாம். கோமியம் தெளிக்காம அந்த வாசலத் தாண்டி நான் வெளக்கேத்த மாட்டேன். எங்காத்தா காலத்துல இருந்து வர்ற பழக்கம்."

"தெளிக்க வேண்டாம்னு சொல்லலையே. நீ எதுக்குத் தெளிக்கிற?"

"தீட்டுப் போறதுக்கு."

"தீட்டு எங்கன இருக்கோ அங்கனதான தெளிக்கணும்? இனி நாயி போற எடம் மரத்தடி. தீட்டும் அங்கனதேன். அங்க போயி தெளி. வீட்டுக்குள்ள மஞ்சத் தண்ணியும் கல்லுப்பும் போதும். கோயில்லயே மஞ்சத் தண்ணிதான தெளிக்கிறான்?"

அவள் கீரையைப் பார்த்தாள். "நாயி போற எடத்துல போயி கோமியத்தத் தெளிக்கிறதா?" என்று இழுத்தாள். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. ஏனென்றால் என் கேள்வி அவளே பிடித்து வைத்திருக்கிற நியாயத்தின் மேல் கட்டியது. அசைக்க முடியாது.

"மொத வெள்ளி வரைக்கும் பாக்குறேன்" என்றாள். "அன்னைக்கு ஒரு சொட்டு வாசல்ல விழுந்துச்சுன்னா எந்தம்பி வண்டிதேன்."

அத்தோடு நான் விடவில்லை. டைல்ஸ் இணைப்புகளுக்குள் இத்தனை நாள் ஊறிய வாடை துடைத்தால் போகாது, அது என் தொழில் எனக்குச் சொன்னது. சாமி அறை வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு இணைப்பையும் சுரண்டி எடுத்தேன். சோடா உப்பும் வெந்நீருமாக ஊற்றித் தேய்த்தேன். காய்ந்ததும் புது ஒயிட் சிமெண்ட் இழைத்தேன். அடுத்து பீரோ முன்னால். அடுத்து படிக்குக் கீழே. முழங்கால் இரண்டும் வீங்கிக்கொண்டன. ஆள் வைத்துச் செய்திருக்கலாம். இதை ஆள் கையில் விட எனக்கு மனசில்லை.

கட்டில் காலடிக்கு வந்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. என் மகள் வேலையிலிருந்து வந்த புடவையோடு தரையில் உட்கார்ந்து, சிமெண்ட் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"நாய்க்காகவாப்பா இம்புட்டும்?"

"வேற யாருக்கு?" என்றேன்.

அவள் குனிந்துகொண்டாள். "கோணலாப் போகுதுப்பா அந்தப் பக்கம்" என்றாள்.

"கண்ணத் தொடச்சுட்டுப் பாரு. கோணலெல்லாம் உங்கண்ணுல. இந்த மட்டம் மதுரையில வேற எவனுக்கும் வராது."

தை மாதத்துக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். குட்டி வந்து அவள் மடியில் ஏறியது. அவள் தள்ளவில்லை.

ஆடி முதல் வெள்ளிக்கு வீடு நிறையச் சனம். வாசலில் வேப்பிலைக் கொத்து, அண்டாவில் கூழ். மைத்துனன் வந்தான். வண்டியில் சங்கிலியும் வந்தது. பளபளவென்று புதுச் சங்கிலி. தீபாராதனை முடிந்து எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டிருக்கும்போது, குட்டி சனத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து நேராகச் சாமி அறை வாசலுக்கு வந்தது. மூக்கைத் தரையில் வைத்தது.

என் மனைவி கையில் சூடத்தட்டோடு அப்படியே நின்றாள். என் மகள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிச்சல் வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று கால் எழும்பியது. ஓடக்கூடாது என்று நின்றேன். பழகியிருந்தால் பழகியிருக்கும்.

குட்டி மஞ்சள் வாடையை முகர்ந்து ஒரு தும்மல் போட்டது. திரும்பியது. கொல்லைக் கதவுக்குப் போய் முன்காலால் கதவைப் பிராண்டியது.

என் மகள் சனத்தை இடித்துக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்தாள். குட்டி மரத்தடிக்குப் பாய்ந்தது. அவள் கொல்லையில் நின்று கைகளைத் தட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள்.

"மச்சான், சங்கிலி வாங்குனது வீணாப் போச்சே!" என்றான் மைத்துனன்.

"உன் மோட்டார் ரூமு கதவுக்குப் போட்டுக்க மாப்ள" என்றேன்.

இனி நான் சொல்ல வந்தது. அன்றைக்குக் கூழ் குடித்த சனத்திடம் என் மனைவி, "ஆத்தா கண்ணத் தெறந்து பாத்துட்டா" என்று சொன்னாள். அம்மனோடு எனக்கு வழக்கு இல்லை. அவளுக்கு உரியது அவளுக்கு. சாயந்திரம் என் மகள் குட்டியின் படத்தைச் செல்போனில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். கண்டக்டர் அண்ணன் தன் மாடியில் நின்று, எங்கள் மாடியில் நின்ற எனக்குப் படித்துக் காட்டினார்: அம்மா ஒத்துக்கொண்டதால் குட்டி எங்களோடு இருக்கிறது, அம்மாவுக்கு நன்றி. ஒத்துக்கொண்டாள், சரி. அந்த வெள்ளைக்கார அம்மாளும் கை காட்டினாள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். வேளை தவறாமல் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? ஸ்கூட்டர் விரிப்பில் விஷயத்தைக் கண்டுபிடித்தது யார்? முழங்கால் வீங்கத் தரையைச் சுரண்டியது யார்? செய்த வேலைக்குப் பேர் கேட்டு வாங்கத் தெரியாதவனுக்கு எந்த ஊரிலும் பேர் கிடைக்காது. அதனால் மாடியிலிருந்து இறங்கி வந்து நேராகவே கேட்டேன்.

"தாயி, அத அழிச்சிட்டு வேற போடு. குட்டிய இந்த வீட்டுல தங்க வச்சது எங்கப்பான்னு போடு. எழுத்து பெருசா இருக்கட்டும்."